ஜீனி போடாத ஜூஸில் ஜீனி எவ்வளவு?

10 ஏப்ரல் 2025, கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் சுகர் பார்டரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காபியில் ஜீனி கிடையாது, ஸ்வீட் பக்கமே போவதில்லை. ஆனால் காலையும் மாலையும் ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடி ஜூஸ், ஜீனி போடாமல். பழம்தானே என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஜீனி போடாத ஜூஸால் சுகர் ஏறாதுதானே?

10 ஏப்ரல், இரவு

ஏறும். உங்கள் அம்மா மாதிரியே ஏமாந்த ஒருவன் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

மூன்று வருடம், ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாப் பக்கத்து ஜூஸ் கடையில் நிற்பது எனக்கு வழக்கம். "தம்பி, ஒரு சாத்துக்குடி. ஜீனி வேண்டாம், ஐஸ் வேண்டாம்." இதைச் சத்தமாகச் சொல்வேன். பக்கத்தில் ரோஸ் மில்க் குடிப்பவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சொன்னேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 6.2 வந்தது. 5.7லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை என்று அர்த்தம். டாக்டர் ஒரு நாளில் என்னவெல்லாம் உள்ளே போகிறது என்று கேட்டார். இட்லி, சாதம், டீ, எப்போதாவது மிக்சர் என்று எல்லாவற்றையும் சொன்னேன், ஜூஸை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது கணக்கில் வருகிற பொருள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு இதுதான். ஆரஞ்சு ஜூஸில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை, பழத்திலேயே இருப்பது. கடை டம்ளர் 350 மில்லி. அப்படியானால் 30 கிராம் சுற்றி வரும், அதாவது 6 ஸ்பூன். கோலாவில் 100 மில்லிக்கு 10.6 கிராம். ரோஸ் மில்க்காரரைப் பரிதாபமாகப் பார்த்த எனக்கு இது தேவைதான்.

11 ஏப்ரல், காலை

இரண்டு திருத்தம். நான் எழுதியது ஆரஞ்சுக் கணக்கு. சாத்துக்குடி அதைவிடக் கொஞ்சம் குறையும் என்று ஒருவர் சொன்னார், சரிதான். ஆனால் அதனால் 30 கிராம் 25 ஆகலாமே தவிர பூஜ்ஜியம் ஆகாது.

இரண்டாவது, ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று நான் போட்டதை 4 கிராம் என்று இன்னொருவர் திருத்துகிறார். எங்கள் வீட்டு டீஸ்பூனைச் சமையல் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன். தலை தட்டினால் 4 சொச்சம். என் மனைவி போடுகிற மாதிரி குவித்துப் போட்டால் 7. அண்ணன் குடும்பம் வந்தால் 8.

12 ஏப்ரல்

"பழத்தில் இருக்கிற சர்க்கரை வேறு, ஜீனி வேறு" என்பவர்களுக்கு.

ஜீனி என்பது சுக்ரோஸ். பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் கைகோத்து நிற்பதுதான் அது. பழத்தில் அந்த சுக்ரோஸும் இருக்கிறது, கைவிட்டுப் பிரிந்த குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தனித்தனியாக இருக்கின்றன. விகிதம்தான் பழத்துக்குப் பழம் மாறும். குடலுக்குப் போன பிறகு எது பழத்திலிருந்து வந்தது, எது ஆலையிலிருந்து வந்தது என்று யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதற்கு ஒரு வரையறை வைத்தது. ஆலைச் சர்க்கரை, நாம் சேர்க்கிற சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு, பழச்சாற்றுச் செறிவு (தண்ணீரை வற்றவைத்த சாறு) எல்லாமே ஒரே பட்டியலில். முழுப் பழம் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வகைச் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5க்குள் வந்தால் இன்னும் நல்லது என்பது பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 சதவீதம் என்றால் 25 கிராம். என் சாயங்கால டம்ளரிலேயே அது தீர்ந்தது. உங்கள் அம்மா இரண்டு டம்ளர்.

ஒரே பழம், கடித்தால் பட்டியலுக்கு வெளியே, பிழிந்தால் உள்ளே. இதை முதலில் படித்தபோது ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன்.

12 ஏப்ரல், மதியம்

நம் தாத்தா பாட்டி ஜூஸ் குடித்துத்தானே தெம்பாக இருந்தார்கள் என்று ஒருவர். எந்தத் தாத்தா? எங்கள் வீட்டில் சாத்துக்குடி வந்தால் "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போவது அது, கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டி கையால் பிழிந்து பாலாடையில் ஊட்டுவார். ஒரு பழம், மிஞ்சினால் இரண்டு. மற்றபடி கொய்யாவையும் மாம்பழத்தையும் கடித்துத்தான் தின்றோம், சட்டையெல்லாம் கறை. வீட்டுக்கு வீடு மிக்சி வந்த பிறகுதான் நாலு பழத்தை ஒரு நிமிடத்தில் முடிக்கிற வித்தையே வந்தது.

அப்புறம், ஜீனி என்று எழுதுகிறாயே சர்க்கரை என்று எழுதினால் என்ன என்று கேட்டவருக்கு: நான் திருச்சிக்காரன். எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது, இல்லையென்றால் வியாதி. தெற்கே சீனி. சில ஊர்களில் அஸ்கா, ஒடிசாவில் இருக்கிற அஸ்கா ஊர் ஆலையால் வந்த பெயர் என்பார்கள். பெயர் எதுவானாலும் கிராம் ஒன்றுதான்.

14 ஏப்ரல்

புத்தாண்டும் அதுவுமாக ஒரு சோதனை. வீட்டில் அப்பாவுக்காக வாங்கின குளுக்கோமீட்டர் இருக்கிறது. கடை அளவிலேயே நாலு சாத்துக்குடி பிழிந்து, வடிகட்டி, வெறும் வயிற்றில் குடித்தேன். குடிப்பதற்கு முன் 104. ஒரு மணி நேரம் கழித்து 171. குடிக்க எடுத்த நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

நாளைக்கு அதே நாலு பழத்தை உரித்துத் தின்று பார்க்கப் போகிறேன். மனைவி "விரல்ல ஓட்டை போடறதுக்கு ஒரு காரணம் கிடைச்சுடுச்சு" என்கிறாள்.

15 ஏப்ரல்

தின்ன முடியவில்லை. உரித்து, தோல் நீக்கி, கொட்டை துப்பி, இரண்டரைப் பழத்தில் போதும் என்றாகிவிட்டது. இருபத்தைந்து நிமிடம். ஒரு மணி நேரம் கழித்து 136.

பார்த்தீர்களா, நார்ச்சத்து வேலை செய்கிறது. சக்கையைத் தூக்கிப் போட்டதுதான் குற்றம். சக்கை இருந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்துக்குப் போகும்.

15 ஏப்ரல், இரவு

திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு. நாலு பழ ஜூஸையும் இரண்டரைப் பழத்தையும் ஒப்பிட்டு நார்ச்சத்துக்கு மாலை போடுவது என்ன கணக்கு என்று கேட்டார்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவன், இந்தக் கேள்வி ரொம்பவே வலித்தது. ஞாயிறு பார்த்துக்கொள்கிறேன்.

20 ஏப்ரல்

இரண்டுக்கு இரண்டு. நேற்று இரண்டு பழத்தின் ஜூஸ், இன்று இரண்டு பழம் முழுதாக. இரண்டு நாளும் வெறும் வயிறு.

ஜூஸ்: 102லிருந்து 138.
பழம்: 105லிருந்து 131.

இவ்வளவுதான் வித்தியாசம். அந்த மெஷின் தானாகவே பத்து பதினைந்து புள்ளி முன்னே பின்னே காட்டும், அப்படிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லலாம். ஆக 15ஆம் தேதி நான் எழுதினது பாதி தப்பு. அதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

20 ஏப்ரல், மாலை

மனசு ஆறாமல் தேடினேன். கிளைசெமிக் இன்டெக்ஸ் என்று ஒரு அளவு இருக்கிறது, 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது, ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிட்டுச் சொல்லும். அதில் ஆரஞ்சுப் பழம் நாற்பதுகளில், ஆரஞ்சு ஜூஸ் ஐம்பதை ஒட்டி. நம் இட்லி, வெள்ளைச் சாதம் எல்லாம் இதற்கு மேலே. ஜூஸ் ஒன்றும் ராக்கெட் இல்லை.

அப்புறம் கிடைத்ததுதான் சுவாரஸ்யம். 1977இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சின்ன ஆய்வு. பத்துப் பேருக்கு ஒரே அளவு கார்போஹைட்ரேட் வருகிற மாதிரி ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்திருக்கிறார்கள்: முழுதாக, கூழாக, ஜூஸாக. ஜூஸை முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகத்தில் முடித்துவிட்டார்கள், கூழைவிட 4 மடங்கு. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரம்தான் ஏறியது (என் 138, 131 மாதிரி!). ஆனால் ஜூஸ் குடித்தபோது இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, பிறகு சர்க்கரை சடாரென்று கீழே போயிருக்கிறது. வயிறு நிறைந்த உணர்வும் ஜூஸில்தான் குறைவு.

ஜூஸ் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் நான் ஏன் மிக்சர் டப்பாவைத் தேடினேன் என்பது இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. அல்லது மிக்சருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

ஆக என் இப்போதைய எண்ணம்: பழத்தைப் பிழிந்ததும் அது விஷமாக மாறிவிடவில்லை. நாலு பழத்தை உட்கார்ந்து தின்ன விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது சக்கை. மெல்ல வேண்டும், தாடை வலிக்கும், வயிறு போதும் என்று சொல்லும். அந்த வாட்ச்மேனை அனுப்பிவிட்டால் நாலு பழம் இரண்டு நிமிடத்தில் உள்ளே போகிறது.

22 ஏப்ரல்

மிக்சியில் அடித்தாலே நார் செத்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். போன வருடம் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடிப்பது வேறு, வடிகட்டுவது வேறு. அடித்தால் நார் துண்டாகும், டம்ளரில்தான் இருக்கும். வடிகட்டினால் குப்பைக்குப் போகும். பிரிட்டனில் விதையுள்ள பழங்களை விதையோடு அரைத்துக் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வுகளில், முழுப் பழத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக ஏறவில்லை. அதற்காக மில்க் ஷேக்குக்கு லைசென்ஸ் கிடைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பழம் ஒரு கை, ஜீனி இரண்டு கரண்டி, மேலே ஐஸ்கிரீம்.

27 ஏப்ரல்

பெரிய ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு. 2013இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் நர்ஸுகளையும் மற்ற மருத்துவத் துறையினரையும் பல வருடம் பின்தொடர்ந்த மூன்று குழுக்கள், மொத்தம் 1,87,382 பேர். முழுப் பழம், குறிப்பாகப் புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வந்திருக்கிறது. ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. வாரத்துக்கு மூன்று தடவை ஜூஸுக்குப் பதில் பழம் என்று மாற்றினால் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

7 சதவீதம்தானா என்று எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. தவிர இது பார்த்து எண்ணிய ஆய்வு, ஜூஸ்தான் காரணம் என்று கையெழுத்துப் போட முடியாது. ஆனால் திராட்சை நல்ல பட்டியலில் இருப்பதைப் பார்த்து சந்தோஷம். திராட்சை இனிப்பு, தொடவே கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு பயம் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை ஒரு சின்னக் கொத்து தின்னலாம், கொட்டையோடு. அதையே ஜூஸாகக் கேட்டால் கால் கிலோ போகும்.

5 மே

நேற்று கத்திரி வெயில் ஆரம்பம். கரும்புச்சாறு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இதில் பேச்சுக்கே இடமில்லை. 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே, கரும்புச்சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை, குறைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருக்கிறது. கரும்பிலிருந்துதான் ஜீனியே வருகிறது. எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துப் பிழிந்தால் ருசி கூடும், சர்க்கரை குறையாது. குடித்தே ஆக வேண்டுமென்றால் சின்ன டம்ளர். போன வாரம் நானும் ஒன்று குடித்தேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், அந்த வெயிலில் யாராலும் முடியாது.

எலுமிச்சை ஜூஸ் உப்புப் போட்டு, தாராளமாக. இளநீரில் 100 மில்லிக்கு 3 கிராம் சுற்றித்தான் சர்க்கரை, ஆனால் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

நாட்டுச் சர்க்கரை போட்ட ஜூஸ் என்று போர்டு வைத்து இருபது ரூபாய் கூட வாங்குகிறார்களே, அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். நிறம்தான் பழுப்பு.

9 மே

மகளுக்கு லீவு. அத்தை வீட்டிலிருந்து ஒரு பெட்டி ஜூஸ் பாக்கெட் கொடுத்துவிட்டார்கள். முன்பக்கம் முழுக்கப் பழம், "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், ஆப்பிள் செறிவு, வெள்ளைத் திராட்சைச் செறிவு. அதாவது இன்னொரு பழத்தின் தண்ணீரை வற்றவைத்துப் பாகு மாதிரி ஆக்கி இனிப்புக்கு ஊற்றியிருக்கிறார்கள். ஜீனி சேர்க்கவில்லை என்பது உண்மைதான். என் மாமா ஒருத்தர் கடன் வாங்கவில்லை என்பார், கைமாற்று வாங்கியிருப்பார்.

இந்த ஏமாற்றுக்கு ஒரு கடிவாளம் வந்தது. செறிவில் தண்ணீர் கலந்து தயாரித்ததை "100 சதவீத பழச்சாறு" என்று லேபிளிலும் விளம்பரத்திலும் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போட்டது. பழைய அட்டைகளைத் தீர்க்க முதலில் செப்டம்பர் 1 வரை அவகாசம் கொடுத்தது. ஒரு கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்தால் இனிப்பூட்டிய பழச்சாறு என்று எழுத வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இன்னொன்று, பழ பானம் என்ற பெயரில் வருவதற்குப் பழம் 10 சதவீதம் இருந்தால் போதும். மாம்பழப் படம் மட்டும் நூறு சதவீதம்.

குழந்தைகளுக்கு எவ்வளவு என்று கேட்டவருக்கு: அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் சொன்னது, ஒரு வயது வரை ஜூஸே வேண்டாம், மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லி போதும், ஏழு வயதுக்கு மேல் 240 மில்லிக்குள்.

18 மே

ஒரு வாரத்துக்கு மேல் எழுதவில்லை, அப்பா விஷயம்.

அப்பா இன்சுலின் போடுகிறவர். புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம், காலையில் ஊசி போட்டுவிட்டு, அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு இட்லியோடு கிளம்பிவிட்டார். பஸ் கீரனூர் தாண்டும்போது கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, நான் கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். மெஷின் 54 காட்டியது. 70க்குக் கீழே போனாலே உடனே எதாவது கொடுக்க வேண்டும். என் பையில் மிட்டாய் இல்லை, ஜீனி இல்லை. ஜூஸுக்கு எதிராக ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தவன் பையில் என்ன இருக்கும்? வேர்க்கடலை இருந்தது. கொழுப்பு இருப்பதால் அது இந்த நேரத்துக்கு உதவாது.

முன் சீட்டில் ஒரு பொடியன் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை அப்போதுதான் ஸ்ட்ரா குத்தப் போனான். அவன் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு அவன் கையிலிருந்து பிடுங்கியே கொடுத்துவிட்டார். அப்பா குடித்தார். பதினைந்து நிமிடத்தில் 88. "என்னடா, புதுக்கோட்டை வந்துடுச்சா?" என்றார்.

15 கிராம் சர்க்கரை, அதாவது அரை டம்ளர் ஜூஸ், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார், ஏறவில்லையென்றால் மறுபடி கொடு. சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியது இதுதான் என்று டாக்டர்கள் சொல்வது. நினைவு தப்பியவருக்கு வாயில் ஊற்றக் கூடாது. இப்போது என் பையில் இரண்டு பாக்கெட் இருக்கிறது, 9ஆம் தேதி திட்டினேனே, அதே பெட்டியிலிருந்து.

பதினைந்து நிமிடத்தில் ஒரு மனிதரைத் தூக்கி உட்கார வைக்கிற சாமானை நான் தாகத்துக்குக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

பொடியனுக்குப் புதுக்கோட்டையில் இறங்கி ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். இல்லை, இரண்டு. ஜூஸ் வேண்டாம் கொய்யா வாங்கிக்கோ என்று சொல்கிற இடமா அது?

25 மே

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அம்மா ஜூஸை நிறுத்திவிட்டாராம், ஆனால் நான் ஊர் முழுக்கச் சிபாரிசு செய்த கொய்யாவைக் கடிக்க முடியவில்லையாம். கீழ் வரிசையில் நாலு பல் கிடையாது. 61 வயதுக்காரருக்குக் கொய்யா சொல்வதற்கு முன் பல் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். பப்பாளி நன்றாகப் பழுத்ததாக இரண்டு துண்டு, இல்லையென்றால் சாத்துக்குடிச் சுளையைத் தோல் நீக்கி உதிர்த்துக் கொடுங்கள். ஜூஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரே பழம், வடிகட்டாமல், சின்ன டம்ளரில், சாப்பாட்டோடு. தினமும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து டெஸ்ட், அப்போது டாக்டரிடம் ஜூஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னை மாதிரி விட்டுவிடாதீர்கள்.

25 மே, இரவு

பப்பாளி வாசனையே பிடிக்காதாம். சரி.

1 ஜூன்

என் ஹெச்பிஏ1சி 5.9. ஜூஸை விட்டதாலா, மிக்சரை விட்டதாலா, ஏப்ரலிலிருந்து சாயங்காலம் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பதாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு எதற்கு மாலை போடுவது? 15ஆம் தேதி வாங்கின திட்டு போதும்.

ஜூஸ் கடைத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அதுக்கென்ன சார், ரெண்டு பழம் உரிச்சு சுளையாத் தர்றேன், நின்னு சாப்பிடுங்க" என்றார். இப்போது தினமும் அதுதான். விலை மட்டும் ஜூஸ் விலையே வாங்குகிறார். உரிக்கிற கூலியாம்.